கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னும் மீன்கள்

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வர்ண மீன்களை வளர்க்கும் வழக்கம், பட்டணங்களில் மட்டுமன்றி நமது கிராமங்களிலும் இப்போது பரவி வருகின்றது. பள்ளிக்கூடங்களிலும் கடைகளிலுங்கூட இத்தகைய தொட்டிகளைக் காணலாம். சென்னையிலுள்ள கொளத்தூர் வர்ண மீன் வியாபாரத்திற்குப் பெயர்பெற்ற இடமாகும். அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மீன்கள் சிற்றூர்கள் வரையில் சென்று விலையாகின்றன. கறவை மாடு, கோழி முதலியவற்றைப்போல் வர்ண மீன் குஞ்சுகளையும் உபதொழிலாகச் சிமெண்டுத் தொட்டிகளில் வளர்த்து விற்கும் விவசாயக் குடும்பங்களும் உண்டு.

இவ்வாறு மீன் வளர்ப்போர் முதலில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். தொட்டி வைத்த சில வாரங்களுக்குள் கண்ணாடியில் பாசி படிந்து, உள்ளே இருக்கும் மீன் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது என்பதே அது. இக்குறையைக் கடைக்காரரிடம் சொன்னால், அவர் பெரும்பாலும் ஒரு சிறிய கரிய மீனைப் பிடித்துப் பையிலிட்டுக் கொடுப்பார். 'டேங்க் கிளீனர்' என்றும் 'சக்கர்' என்றும் வழங்கப்படும் அம்மீன் வாயினால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். விலையும் சொற்பம். ஆகையால் வாங்குவோர் மறுபேச்சின்றி வாங்கிச் செல்கின்றனர். ஓரிரண்டு வருஷங்களில் அது தொட்டியில் திரும்ப இடமின்றி வளர்ந்துவிடுகின்றது. கொல்ல மனமில்லாதவர்கள் அதை எடுத்துக்கொண்டுபோய் ஊர் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். புண்ணியமென்று நினைத்துச் செய்யும் இக்காரியத்தினால் ஏரிக்கும், கரைக்கும், மீன்பாசிக் குத்தகைக்கும் விளையும் கேடு பெரிது.

ஆகவே, பாசி தின்னும் பிராணிகளில் நமது உஷ்ணப் பிரதேசத்துத் தொட்டிகளுக்கு ஏற்றவை எவை, விலக்கத்தக்கவை எவை என்பதை இங்கு விவரிப்போம். வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமன்றி, ஏரியின்கீழ் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் இவ்விஷயத்தில் அக்கறை இருத்தல் வேண்டும்.

பாசி உண்டாகும் காரணம்

பயிர் வளர்வதற்கு வேண்டியவை எவையோ, அவையே பாசி வளர்வதற்கும் வேண்டியவை. வெளிச்சம், தழைச்சத்து, மணிச்சத்து ஆகிய இவை மிகுந்த இடத்தில் பாசி பிடிக்கும். நடவு வயலில் உரமிட்ட சில நாட்களில் தண்ணீரின்மேல் பாசி படர்வதைக் காணாத விவசாயி இல்லை. தொட்டியிலும் அதுவே நடக்கின்றது. அங்கே உரம் என்பது மீனுக்கு அளவுக்கு மிஞ்சிப் போட்ட தீனியும், மீன் கழிக்கும் மலமுமேயாகும். இவை அழுகும்போது வெளிப்படும் சத்துக்களைப் பாசி உட்கொண்டு செழிக்கின்றது. அன்றியும், உரம் அதிகமாக இடப்படும் பகுதிகளிலுள்ள கிணறுகளிலும் ஆழ்குழாய்க் கிணறுகளிலும் தண்ணீரிலேயே நைட்ரேட் என்னும் உப்பு கலந்திருப்பது உண்டு. அத்தண்ணீரைத் தொட்டியில் விட்டால், தீனியை எவ்வளவு குறைத்தாலும் பாசி குறைவது கடினம். அத்தகைய இடங்களில், கூரையிலிருந்து சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரைப் பாதியளவு கலந்து கொள்வது நல்லது.

இதனால் அறிய வேண்டியது யாதெனில், பாசி தின்னும் மீன் மூலகாரணத்தை நீக்காது என்பதே. பாசியைத் தின்ற மீனும் மலத்தைத் தொட்டியிலேதான் கழிக்கின்றது. எனவே முதலாவது, வெயில் நேராக விழாத இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும். இரண்டாவது, விளக்கை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரத்திற்குமேல் எரிய விடலாகாது. மூன்றாவது, இரண்டு மூன்று நிமிஷங்களில் மீன்கள் தின்று தீர்க்கக்கூடிய அளவுக்கே தீனி போட வேண்டும். நான்காவது, வாரத்திற்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை அடியிலுள்ள கசடுடன் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இறைத்த தண்ணீர் பூச்செடிகளுக்கும் காய்கறிப் பாத்திகளுக்கும் நல்ல எரு. இந்நான்கையும் ஒழுங்காகச் செய்த பின்னும் எஞ்சி நிற்கும் பாசிக்கே மீனைத் தேட வேண்டும்.

பாசியின் வகைகள்

பாசியென்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. எல்லாவற்றையும் எல்லா மீனும் தின்பதில்லை. மீன் வாங்குமுன் தமது தொட்டியில் உள்ள பாசி எத்தகையது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

புதிதாக வைத்த தொட்டியில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பு நிறமான மெல்லிய படிவு காணப்படும். இது கையால் துடைத்தால் போய்விடும். சில வாரங்களில் தானே குறைந்துவிடும். இதற்கென்று மீன் வாங்க வேண்டுவதில்லை.

வெளிச்சம் மிகுந்த தொட்டியில் கண்ணாடியின்மேல் கெட்டியான பச்சைப் புள்ளிகள் தோன்றும். இவற்றை மீன்களால் எளிதில் பெயர்க்க முடியாது. நத்தையே இதற்கு ஏற்றது.

இலைகளிலும் கற்களிலும் பச்சை நூல்போலத் தொங்கும் பாசி மற்றொரு வகை. மாலி மீன்களும், சயாம் பாசிமீன்களும், சிலவகை இறால்களும் இதைத் தின்னும்.

கறுத்த மயிர்க்கற்றைபோல் இலையோரங்களில் ஒட்டிக்கொள்வது வேறொன்று. பார்வைக்குக் கறுப்பாயினும் இது செம்பாசி இனத்தைச் சேர்ந்தது. இதைத் தின்பவை மிகச் சிலவே. அவற்றுள் சயாம் பாசிமீன் முதன்மையானது.

தண்ணீரே பச்சை நிறமாக மாறுவதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசிகள் மிதப்பதால் இவ்வாறு ஆகின்றது. சுரண்டித் தின்னும் மீன் எதுவும் இதைத் தீர்க்காது. வெளிச்சத்தைச் சில நாட்கள் மறைத்துத் தண்ணீரை மாற்றுவதே வழி.

கடைசியாக, வழுவழுப்பாகப் போர்வைபோல் படர்ந்து நாற்றம் வீசும் நீலப்பச்சைப் பாசி. நெல் வயலில் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலத்தில் சேர்க்கும் நண்பனாக விவசாயிகள் அறிந்திருப்பதும் இவ்வினமே. உண்மையில் இது பாசியன்று. பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. வயலில் நன்மை செய்யும் இதுவே தொட்டியில் தொல்லையாகின்றது. மீன்கள் இதை விரும்பித் தின்பதில்லை. உறிஞ்சி வெளியேற்றி, கசடு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்ந்தெடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

மாடு வாங்கும்போது பல்லையும் சுழியையும் பார்ப்பதுபோல், மீன் வாங்கும்போதும் பார்க்க வேண்டியவை உண்டு. அவற்றுள் முக்கியமானவை நான்கு.

ஒன்று, முழு வளர்ச்சியில் அதன் நீளம். கடையில் உள்ளவை எல்லாம் குஞ்சுகளே. விரல் நீளமுள்ள மீன் முழங்கை நீளம் வளருமா, விரல் நீளத்திலேயே நிற்குமா என்று கேட்டறிய வேண்டும். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி முழுதும் நிரம்பினால் ஏறக்குறைய 85 லிட்டர் தண்ணீரே கொள்ளும். அதற்குள் 12 அல்லது 13 சென்டிமீட்டருக்குமேல் வளரும் பாசிமீன் எதையும் விடலாகாது.

இரண்டு, உஷ்ணம். நமது சமவெளிகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டித் தண்ணீரும் 30 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகின்றது. உஷ்ணம் ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளுமானால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே கொள்ளும். வேகமாக ஓடும் ஆறுகளிலிருந்து வந்த மீன்களுக்கு இக்குறைவு தாங்காது. ஆகையால் கோடையில் காற்றுக் குழாய் இரவும் பகலும் ஓடவேண்டும்.

மூன்று, தண்ணீரின் தன்மை. நமது ஆழ்குழாய்க் கிணறுகளிற் பலவற்றின் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடினத் தண்ணீர். அதில் வாழக்கூடிய பிராணியை வாங்குவதே சுலபம். தண்ணீரை மீனுக்காக மாற்ற முயல்வது வீண் செலவு.

நான்கு, தொட்டியில் முன்பே இருக்கும் மீன்கள். ஆஸ்கர் போன்ற பெரிய மீன்கள் உள்ள தொட்டியில் சிறு பாசிமீன் விடுவது அதற்கு இரை போடுவதாகும். தங்கமீன், ஏஞ்சல் முதலிய மெதுவாக நீந்தும் மீன்கள் உள்ள தொட்டியில், பிற மீன்களின் உடலை உறிஞ்சும் பழக்கமுள்ளவற்றை விடலாகாது.

ஏற்றவை

மாலி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த இம்மீன் நமது கடினத் தண்ணீரில் நன்றாக வாழும். 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை வளரும். நாள் முழுவதும் இலைகளையும் கற்களையும் கொத்திக்கொண்டே இருந்து நூற்பாசியை ஒருவாறு அடக்கும். விலையும் மலிவு. முட்டையிடாமல் குஞ்சு பொரித்தே ஈனும் இனமாதலால், ஏறக்குறைய மாதத்திற்கு ஒருமுறை குஞ்சுகள் கிடைக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற கணக்கில் விட வேண்டும். முதன்முறை தொட்டி வைப்போருக்கு இதைவிட ஏற்றது வேறில்லை எனலாம்.

நெரைட் நத்தை. 2 அல்லது 3 சென்டிமீட்டர் அளவுள்ள இந்நத்தை, கெட்டியான பச்சைப் புள்ளிகளையும் சுரண்டித் தின்பதில் நிகரற்றது. நமது கழிமுகங்களிலும் இவ்வினத்தைச் சேர்ந்தவை உண்டு. இதன் குஞ்சுகள் வளர உப்புத் தண்ணீர் வேண்டும். ஆகவே நன்னீர்த் தொட்டியில் இது பெருகாது. கண்ணாடியில் வெண்புள்ளிகளாக முட்டையிட்டுவைக்கும் என்பதொன்றே இதன் குறை. சுண்ணாம்பு மிகுந்த தண்ணீர் இதன் ஓட்டுக்கு நன்மை பயக்கும். 85 லிட்டர்த் தொட்டிக்கு நான்கைந்து போதும்.

அன்சிஸ்ட்ரஸ். 'பிரிஸ்டில்நோஸ்' என்று கடைகளில் சொல்லப்படும் இது தென் அமெரிக்க மீன். டேங்க் கிளீனரின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் 10 முதல் 13 சென்டிமீட்டருடன் வளர்ச்சி நின்றுவிடும். வளர்ந்த ஆணின் முகத்தில் கிளைத்த மீசைபோன்ற தசைநார்கள் இருக்கும். இவ்வடையாளத்தைக் கொண்டு இதை அறியலாம். குஞ்சில் இவ்வடையாளம் தோன்றாது. ஆதலால் சற்று வளர்ந்த மீனையே பார்த்து வாங்குதல் நலம். சுரண்டுவதற்கு ஒரு மரத்துண்டும், ஒளிந்துகொள்ள ஒரு மண்குழாயோ உடைந்த சட்டியோ தொட்டியில் இருக்க வேண்டும். ஆண்கள் ஒன்றோடொன்று சண்டையிடும். எனவே சிறு தொட்டிக்கு ஒன்றே போதும். வயதான பின்னும் பாசி தின்பதை விடாதது இதன் சிறப்பு.

சயாம் பாசிமீன். தாய்லாந்து, மலேயா முதலிய நாடுகளின் ஆறுகளில் வாழும் இது 14 அல்லது 15 சென்டிமீட்டர் வளரும். 10 வருஷம் வரையிலும் உயிர் வாழக்கூடியது. கூட்டமாக வாழும் சுபாவமுடையதாதலால், 4 அடிக்குக் குறையாத தொட்டியில் மூன்று நான்காக விட வேண்டும். கறுப்பு மயிர்ப்பாசியைத் தின்பதற்காகவே இதை வாங்குவர். ஆனால் இப்பெயரில் வேறு மீன்களும் விற்கப்படுகின்றன. உண்மையான இனத்தில், உடலின் பக்கத்திலுள்ள கரும்பட்டை வால்துடுப்பின் நுனி வரையில் செல்லும்; துடுப்புகள் நிறமின்றித் தெளிவாக இருக்கும்; பட்டையின் மேல் பொன்னிறக் கோடு இராது. இம்மீன் துள்ளி வெளியே விழும். ஆகையால் தொட்டிக்கு மூடி அவசியம். தீனி மிகுதியாகக் கிடைத்தால் பாசியைத் திரும்பியும் பாராது.

ஓட்டோசிங்க்ளஸ். 4 சென்டிமீட்டர் நீளமே உள்ள சாதுவான மீன். மெல்லிய பாசிப் படிவை இலை நோகாமல் துடைத்துவிடும். ஆயினும் இவற்றிற் பெரும்பாலானவை தென் அமெரிக்க ஆறுகளில் பிடித்துப் பல நாட்கள் பட்டினியாக அனுப்பப்படுபவை. வாங்கி வந்த சில நாட்களில் இவை இறந்துபோவது இதனாலேயே. வயிறு ஒட்டியிருப்பவற்றை வாங்கலாகாது. பல மாதங்களாக நிலைத்து, பாசி படிந்துள்ள தொட்டியிலேயே ஆறுக்குக் குறையாமல் சேர்த்து விட வேண்டும். அனுபவமுள்ளவர்களுக்கே இது தகும்.

அமானோ இறால். ஜப்பானியரான தகாஷி அமானோ என்பவர் 1980-களில் பிரபலமாக்கிய இவ்விறால், நூற்பாசி தின்பதில் புகழ்பெற்றது. ஆனால் 28 டிகிரிக்குமேல் உஷ்ணம் நீடித்தால் இது நெடுநாள் வாழாது. கொடைக்கானல், உதகமண்டலம் போன்ற மலைப் பிரதேசங்களில் உள்ளவர்கள் வளர்க்கலாம். சமவெளியில் உள்ளவர்கள் இதற்காகச் செலவிட வேண்டாம்.

விலக்கத்தக்கவை

சீனப் பாசிதின்னி. பெயர் சீனத்தைக் குறித்தாலும் இது பெரும்பாலும் தாய்லாந்து, மீகாங் நதிப் பிரதேசங்களைச் சேர்ந்தது. வாயினால் கல்லைக் கவ்வியிருக்கும்போதே மூச்சுவிடுவதற்காகச் செவுளின் மேற்புறத்தில் தனித் துவாரம் உடையது. குஞ்சாயிருக்கையில் பாசியை நன்றாகத் தின்னும். பொன்னிறமான வகை பார்வைக்கும் அழகாயிருக்கும். ஆனால் 25 சென்டிமீட்டருக்குமேல் வளரக்கூடியது. வளர வளரப் பாசியை விட்டு, மற்ற மீன்களின் உடலிலுள்ள வழுவழுப்பை உறிஞ்சத் தொடங்கும். அவ்விடங்களில் புண் உண்டாகி அம்மீன்கள் மடியும்.

ஆப்பிள் நத்தை. மஞ்சள், நீலம் முதலிய நிறங்களில் விற்கப்படும் பெரிய நத்தைகள் தென் அமெரிக்க இனங்கள். இவற்றிற் சில செடிகளை அதிகம் தின்பதில்லை. ஆனால் இவற்றோடு ஒத்த தோற்றமுடைய பொன்னிற ஆப்பிள் நத்தை நெற்பயிரின் பகைவன். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவரப்பட்ட இது, பின்னர் பிலிப்பைன்ஸ், வியட்நாம் முதலிய நாடுகளின் வயல்களில் பரவி, நட்ட இளநாற்றுகளை அடியோடு கத்தரித்து நாசம் செய்தது. தண்ணீருக்குமேல் தண்டுகளிலும் வரப்புகளிலும் இளஞ்சிவப்பு நிறக் கொத்தாக முட்டையிடுவது இதன் அடையாளம். ஒன்றையொன்று வேறுபடுத்தி அறிவது சாதாரண ஜனங்களுக்குக் கடினம். ஆதலால் நெல் விளையும் பிரதேசத்தில் இவ்வின நத்தை எதையும் வாங்காதிருப்பதே விவேகம்.

டேங்க் கிளீனர். தெரிகோப்ளிக்திஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த இக்கெளுத்தி மீன்கள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. 5 சென்டிமீட்டர்க் குஞ்சாக விற்கப்படுவது 40 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். வளர்ந்தபின் கண்ணாடியைத் துடைப்பது குறைந்து, மலம் கழிப்பது பெருகும். செடிகளைப் பெயர்த்து, மணலைக் கலக்கித் தண்ணீரைக் கெடுக்கும். தொட்டியைச் சுத்தம் செய்ய வந்ததே தொட்டியின் அசுத்தத்திற்குக் காரணமாகிவிடும். வீட்டுத் தொட்டிக்கே உதவாத இம்மீனை ஏரியில் விட்டால் நேருவது யாதென்பதைத் தனியே சொல்ல வேண்டும்.

ஏரியில் விடுவதால் விளையும் கேடு

இம்மீனின் உடல் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகளால் மூடப்பட்டது. துடுப்பு முட்கள் வலுவானவை, விறைத்து நிற்பவை. நமது விரால், நீர்க்காகம் முதலியவை வளர்ந்த மீனை எளிதில் விழுங்க முடியாது. தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும், மேலே வந்து காற்றை விழுங்கி இரைப்பையின் மூலமாகவே சுவாசிக்க வல்லது. சாக்கடை கலந்த குளத்திலும் வாழும். தண்ணீரைவிட்டு எடுத்தாலும் ஈரமிருந்தால் பல மணி நேரம் உயிரோடிருக்கும். பகைவரும் இன்றி, பஞ்சத்தையும் தாங்கும் இத்தகைய பிராணி ஓர் ஏரியில் நிலைத்துவிட்டால் அதை ஒழிப்பது மிகவும் அரிது.

முக்கியமான சேதம் கரைக்கே உண்டாகின்றது. முட்டையிடும் காலத்தில் ஆண் மீன் கரையின் சரிவில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, சுமார் ஒரு மீட்டர் ஆழம் வரையிலும் வளை தோண்டி, அதில் முட்டைகளைக் காக்கும். பல மீன்கள் அருகருகே தோண்டும்போது மண் இளகிச் சரியும். அமெரிக்காவிலுள்ள புளோரிடாவில் கால்வாய், குளக் கரைகள் இவ்வாறு அரிக்கப்பட்டிருக்கின்றன. பிலிப்பைன்ஸில் இதற்கு 'ஜானிட்டர் மீன்', அதாவது துப்புரவு மீன் என்றே பெயர். அங்கும் தொட்டியிலிருந்து தப்பிய இது ஆற்றங்கரைகளில் வளை தோண்டித் தொல்லை தருகின்றது. எலி வளையும் நண்டு வளையும் கரையை எவ்வாறு பலவீனப்படுத்தும் என்பதை நமது விவசாயிகள் அறிவார்கள். தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. பெரும்பாலானவை மண் கரை உள்ளவை. குடிமராமத்துச் செய்து தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கரைகளுக்கு இப்புதிய எதிரியையும் நாமே கொண்டுவந்து சேர்ப்பது தகாது.

இரண்டாவது சேதம் மீன்பிடிப்பில். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு ஏரியைக் குத்தகை எடுத்தவருக்கு, வலை நிறைய இம்மீன் அகப்பட்டால் நஷ்டமே மிஞ்சும். நமது சந்தையில் இதை வாங்குவார் இலர். முட்கள் மாட்டி வலையும் கிழியும். அடியிலும் கல்லிலும் உள்ள பாசியையும் கசடையும் இதுவே தின்றுவிடுவதால், அவற்றை நம்பி வாழும் மற்ற மீன்களுக்கு ஆகாரம் குறையும். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வலைகளில் இம்மீன் இப்போது அகப்பட்டுவருகின்றது. 2020-ஆம் ஆண்டில் வாரணாசிக்கருகே கங்கையிலும் பிடிபட்டது. மனிதர் கொண்டுவந்து விட்டாலன்றித் தென் அமெரிக்க மீன் கங்கைக்கு வர வேறு வழியில்லை.

அழகுக்காகக் கொண்டுவந்தது ஆபத்தாக முடிவது நமக்குப் புதிதன்று. ஆகாயத் தாமரை முதலில் அழகுப் பூச்செடியாகவே இந்நாட்டிற்கு வந்தது; இன்று ஏரிகளையும் வாய்க்கால்களையும் அடைத்துக்கொண்டிருக்கின்றது. 1952-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட திலாப்பியா, நம்மவர் ஜிலேபிக் கெண்டை என்பது, ஏறக்குறைய எல்லா நீர்நிலைகளிலும் பரவிவிட்டது. அதையாவது உண்ணலாம். 2018-ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்தில், வளர்ப்புக் குளங்களிலிருந்த அரபைமா முதலிய அயல்நாட்டுப் பெருமீன்கள் ஆறுகளில் கலந்தன. வேண்டுமென்று விடாவிட்டாலும் வெள்ளத்தில் தப்பும் என்பதற்கு இது சான்று. ஆகவே சிமெண்டுத் தொட்டிகளிலும் பண்ணைக் குட்டைகளிலும் வர்ண மீன் வளர்ப்போர், வடகிழக்குப் பருவமழைக்குமுன் தொட்டிகளின்மேல் வலை கட்டி, வழிந்தோடும் வாய்களில் கண்ணி சிறிதான கம்பி வலை பொருத்த வேண்டும். மாலி முதலிய சாதுவான மீன்களுக்கும் இவ்விதி பொருந்தும். தொட்டியில் ஏற்றதாயிருப்பது ஏரியிலும் ஏற்றதாகாது.

வளர்க்கும் முறை

புதிதாக வாங்கிய மீனை நேரே தொட்டியில் விடாமல், இரண்டு மூன்று வாரங்கள் தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ வைத்திருந்து, நோயில்லை என்று கண்டபின் சேர்க்க வேண்டும்.

பாசி தின்னும் மீனுக்குத் தீனி வேண்டாமென்று நினைப்பது பெரும் பிழை. பாசி தீர்ந்தபின் அது பட்டினியால் மடியும். வெள்ளரிக்காய், பூசணிக்காய் இவற்றின் துண்டையோ, வெந்நீரில் முக்கியெடுத்த கீரையையோ மாலையில் அமிழ்த்தி வைத்து, எஞ்சியதை மறுநாள் காலையில் எடுத்துவிட வேண்டும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துக் காய்கறியை ஒருபோதும் போடலாகாது. இறாலும் நத்தையும் சிறிதளவு மருந்துக்கே இறந்துபோம்.

மயில்துத்தம் கலந்த மருந்துகளைப் பாசிக்காகவோ மீன் நோய்க்காகவோ தொட்டியில் விடுவோர் உண்டு. செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். அவை உள்ள தொட்டியில் இதை உபயோகிக்கலாகாது.

85 லிட்டர்த் தொட்டிக்கு, ஓர் அன்சிஸ்ட்ரஸும் நான்கைந்து நெரைட் நத்தைகளும், அல்லது ஓர் ஆணும் இரண்டு பெண்ணுமாக மூன்று மாலிகளும் சில நத்தைகளும் போதுமானவை. பாசி மிகுதியென்று பாசிமீன்களை அதிகமாக விட்டால், அவற்றின் கழிவினாலேயே பாசி மீண்டும் பெருகும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் தங்கள் ஊரில் வர்ண மீன் வளர்ப்போரையும் விற்போரையும் அறிந்திருத்தல் நலம். வேண்டாத மீனை ஏரி, குளம், கிணறு, வாய்க்கால் இவற்றில் விடக்கூடாதென்பதைக் கிராம சபைக் கூட்டத்திலும் பள்ளிக்கூடங்களிலும் எடுத்துச் சொல்லலாம். பிள்ளைகளே பெரும்பாலும் மீனை இரக்கத்தால் ஏரியில் விடுகின்றவர்களாதலால், பள்ளி ஆசிரியரின் ஒரு வார்த்தை மிகுந்த பலன் தரும். மீன்பாசிக் குத்தகைதாரர் வலையில் இம்மீன் அகப்பட்டால், அதைத் திரும்பத் தண்ணீரில் எறியாமல் கரையிலிருந்து அப்பால் குழியிட்டுப் புதைக்கும்படி சொல்ல வேண்டும், மண்ணுக்கு எருவாகும். கோடையில் ஏரி வற்றும்போது, உட்சரிவில் வரிசையாக வளைகள் காணப்படுகின்றனவா என்று பார்த்து, கண்டால் மழைக்குமுன் மண்ணிட்டு இறுக்க வேண்டும். மாவட்டத்து மீன்வளத் துறை அலுவலருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வற்றிய காலமே இதை ஒழிக்க வசதியான காலம்.

வீட்டில் ஏற்கெனவே டேங்க் கிளீனர் வளர்ந்து பெரிதாகிவிட்டவர்கள், அதை விற்ற கடைக்காரரிடமே திரும்பக் கொடுக்கலாம். அல்லது பெரிய சிமெண்டுத் தொட்டி உள்ளவரிடம் ஒப்படைக்கலாம். அதற்கும் வழியில்லையேல், இறக்கும் வரையில் தாமே வைத்துப் பராமரிப்பதோ, துன்பமின்றிக் கொன்று புதைப்பதோதான் செய்யத்தக்கது. ஓர் உயிரிடம் காட்டும் இரக்கம், ஏரியை நம்பி வாழும் ஊருக்குத் தீங்காக முடியலாகாது.

சுருக்கம்

1. பாசிக்குக் காரணம் மிகுந்த வெளிச்சமும் மிகுந்த தீனியும். முதலில் அவற்றைக் குறைக்கவும்.

2. எவ்வகைப் பாசி என்று அறிந்து, அதைத் தின்னும் பிராணியையே வாங்கவும்.

3. கடையிலுள்ள நீளத்தைப் பாராமல், முழு வளர்ச்சியின் நீளத்தைக் கேட்டு வாங்கவும்.

4. சமவெளியில் கடினத் தண்ணீர் உள்ளவர்களுக்கு மாலியும் நெரைட் நத்தையும் முதலில் தகும். சற்று அனுபவமுள்ளவர்களுக்கு அன்சிஸ்ட்ரஸ். பெரிய தொட்டி உள்ளவர்களுக்குச் சயாம் பாசிமீன்.

5. டேங்க் கிளீனர், சீனப் பாசிதின்னி, ஆப்பிள் நத்தை ஆகிய மூன்றையும் வாங்காதிருக்கவும்.

6. பாசிமீனுக்கும் தனியே தீனி போடவும். மருந்து தெளித்த காய்கறியும் மயில்துத்தமும் ஆகா.

7. தொட்டியில் வளர்ந்த எதையும், எக்காரணத்தாலும், ஏரியிலும் ஆற்றிலும் கிணற்றிலும் விடாதிருக்கவும்.